சைபர் போடாத மரகதம்

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆலைப் பேருந்தில் பாசிர் கூடாங் தொழிற்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. எங்கள் செம்பனை எண்ணெய் ஆலையில் என்னோடு வேலை செய்த திருமதி மரகதம் காலமாகிவிட்டார். படுக்கையில் இருந்தபோது போய்ப் பார்த்தீர்களா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். வருகிற சனிக்கிழமை போவதாக இருந்தேன் என்றேன். அதையே மூன்று சனிக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நானும் அவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் ஷிப்டில், அவர் ஆய்வகத்தில். எண்ணெய் மாதிரிகளைச் சோதித்துக் கணினியில் எண்களை ஏற்றுவார். அவரை அறியாதவர்களுக்கு அவருடைய நாள்காட்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ராகு காலம் அச்சிட்ட கட்டங்களில், பேருந்து லேட் 70, சாயங்காலம் மழை 85, கணேசன் ரிப்போர்ட்டை நேரத்துக்குத் தருவார் 20 என்று நீலப் பேனாவில் எழுதி வைப்பார். கணேசன் நான்தான். ஒன்று நடக்கும் என்று நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறார் என்பதுதான் அந்த எண். நடக்காவிட்டால் தன் கையாலேயே சிவப்பு வட்டம் போட்டு, அடுத்த முறை எண்ணைக் குறைப்பார்.

ஜோசியக்காரி என்று கிண்டல் செய்வோம். சிரித்துக்கொள்வார். ஏன் ஒரு நாளும் நூறு போடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"நூறு போட்டா அப்புறம் எது நடந்தாலும் மாத்த முடியாது, கணேசன். சைபரும் அதே மாதிரிதான். கொஞ்சம் எடம் விட்டு வைக்கணும் லா."

எட்டு வருடங்களுக்கு முன் ஆலையில் எல்லோருக்கும் திடீரென்று போதைப்பொருள் சிறுநீர்ச் சோதனை வைத்தார்கள். என் ஷிப்டில் வேலை செய்த ரவி மாட்டிக்கொண்டார். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த வாரம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார். கிளினிக்குக்குப் போகச் சொன்னதே நான்தான். அங்கே கொடுத்த இருமல் மருந்தை அவர் குடித்ததையும் பார்த்தேன். இதை மரகதத்திடம் சொன்னபோது ஒரு தாளை இழுத்துப் போட்டு எழுத ஆரம்பித்தார்.

"ஆயிரம் பேருல பத்து பேருதான் போதை எடுக்கறாங்கன்னு வைங்க. எடுக்காதவங்கள்லயும் நூத்துக்கு அஞ்சு பேர இந்தச் சோதனை தப்பா காட்டும்னு வைங்க. அப்ப சும்மா மாட்டறவங்களே அம்பது பேரு. நெசமா எடுத்தவங்க பத்துதான். இதுல ரவி இருமல் மருந்து வேற குடிச்சிருக்காரு. சில இருமல் மருந்தையே இந்தச் சோதனை போதைன்னு காட்டும்."

சோதனைக்கு முன் ரவியைப் பற்றி நமக்குத் தெரிந்ததைத் தூக்கி எறியக் கூடாது, அதோடு சேர்த்துத்தான் சோதனையின் முடிவை எடை போட வேண்டும் என்பது அவருடைய கட்சி. பெரிய ஆய்வகத்தில் இன்னொரு சோதனை செய்யச் சொல்லி, மேலாளர் கூட்டிய விசாரணைக் கூட்டத்தில் மலாய்மொழியில் பொறுமையாக விளக்கினார். கருவியே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன என்றார் மேலாளர். மரகதம் என் பக்கம் திரும்பினார்.

"கணேசன், மருந்து குடிச்சத நீங்க பாத்தீங்கதானே? சொல்லுங்க."

அந்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. சரியாக ஞாபகம் இல்லை என்றேன்.

ரவியை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். மரகதத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். அவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நாள்காட்டி இன்னும் சுவரில் இருந்தது. கூட்டம் நடந்த நாளின் கட்டத்தில், கணேசன் சொல்வார் 95. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில், அடுத்த முறைக்கு 40. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"சைபர் போடல, பாருங்க," என்றார்.

அதன் பிறகும் அவர் எப்போதும்போலப் பேசினார். நான்தான் கேன்டீனுக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். கடைசியில் நோய் முற்றிப் படுக்கையில் விழுந்தவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ரவியைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் போகவில்லை. தகனத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு, அவர் கணவரின் முகத்தைப் பார்க்காமல் நழுவினேன்.

அந்த வாரச் சனிக்கிழமைதான் மாசாயில் அவர் வீட்டுப் படியேறினேன். கணவர் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு மேல் மாட்டியிருந்த நாள்காட்டியைக் காட்டினார். கடந்த மூன்று சனிக்கிழமைகளிலும் கணேசன் வருவார் என்று எழுதியிருந்தது. 40, 30, 20. மூன்றுக்கும் வட்டம். நான்காவது, நான் நின்றிருந்த அன்றைய கட்டம். கோணலான எழுத்தில் 10. முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கூட்டத்தில் சொல்லாததை இங்கே சொல்கிறேன். ரவி இருமல் மருந்து குடித்ததை நான் பார்த்தேன். அன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இதையே கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டு ஆலை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டேன். ரவி இப்போது லாபிஸில் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறார். அவருக்கான நகலை நானே கொண்டுபோனேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

போய் வாருங்கள், மரகதம். அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வட்டம் தேவைப்படவில்லை. நான் வந்தேன். நீங்கள்தான் இல்லை.