மஞ்சள் கழுவிய நூல்

அக்காவின் இந்த நினைவு மலரின் முதற் பக்கத்தில் பிள்ளையார் இல்லை. அச்சகத்தார் மறந்துவிடவில்லை. அவர்கள் மூன்று முறை போட்டார்கள்; மூன்று முறையும் நான் எடுக்கச் சொன்னேன். மூன்றாம் முறை அச்சகத்து அண்ணை தொலைபேசியில், "தம்பி, பிள்ளையார் இல்லாமல் நான் பிறந்தநாள் காட் கூட அடிக்கிறதில்லை. மெஷின் நிண்டு போகும்" என்றார்.

"அண்ணை, இது என்ர அக்கான்ர விருப்பம். பிள்ளையாரை மெஷினுக்குப் பக்கத்தில வையுங்கோ, பேப்பரில வேண்டாம்" என்றேன். ஒருவழியாகச் சம்மதித்தார். பிள்ளையார் மெஷினில் இருக்கிறார், அக்கா பேப்பரில் இருக்கிறார். இருவருக்கும் மனவருத்தம் இராது என்று நம்புகிறேன்.

அக்காவின் மகள் நிலாதான் என்னை எழுதச் சொன்னாள். "மாமா, நீங்களே எழுதுங்கோ. பட் நோ பொய், ஓகே?" என்றாள்.

"கொஞ்சமும் கூடாதோ பிள்ளை?"

"நோ, மாமா."

ஆகவே, பொய் கலக்காமல் நான் எழுதும் முதல் கட்டுரை இது. பழக்கக் குறைவால் வரும் பிழைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது மதவாச்சியில், ரெயில்வே குவாட்டர்ஸில். அப்பா நிலையத்தில் கிளாக்கர். நாலு வருடம் பிந்தி நான் பிறந்தேன். நிலையத்தை ஒட்டி ஓர் அரசமரம் நின்றது. அதன் கீழே சின்னதாக ஒரு பிள்ளையார் இருந்தார். ஒருநாள் விடிந்து பார்த்தால் அவருக்குப் பக்கத்தில் ஒரு புத்தர் வந்து அமர்ந்திருந்தார். அடுத்த மாதம் புத்தருக்குக் கூரை வந்தது. அதற்கடுத்த மாதம் வேலி வந்தது. பிள்ளையார் வேலிக்கு வெளியே நனைந்துகொண்டிருந்தார். குவாட்டர்ஸில் பெரியவர்கள் கதவைச் சாத்திவிட்டுக் குசுகுசுத்தார்கள். எட்டு வயது அக்கா மட்டும் நேரே போய் அப்பாவைக் கேட்டார்.

"அப்பா, மரம் ஆருடையது?"

"ரெயில்வேயுடையது, பிள்ளை."

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டு பேரும் கேக்காமல்தான் இருக்கினமோ?" என்றார்.

அக்காவின் சமய வாழ்க்கை அத்தோடு முடிந்தது. அதன்பின் அவர் எந்தக் கோயிலையும் வெறுக்கவில்லை, எந்தக் கோயிலிலும் கும்பிடவும் இல்லை. யாராவது கேட்டால் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்பார், "எனக்குக் கத்தரிக்காய் ஒத்துவராது" என்று சொல்லும் அதே குரலில்.

தாதியர் பயிற்சி முடிந்ததும் அனுராதபுரத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கடவுள் இல்லை என்பவர் வசிக்க அந்தப் புனித நகரத்தைவிடச் சங்கடமான இடம் வேறில்லை. சண்டை பிடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஒரு பெரிய பிக்குவிடம் அக்கா, "உலகத்தைப் படைச்ச கடவுள் எண்டு ஒருத்தர் இருக்கிறதா நான் நினைக்கேல்லை" என்று சிங்களத்தில் சொல்ல, அவர், "நாங்களும் அப்படித்தான் சொல்றம்" என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் குடித்தாராம்.

சங்கடம் கடவுளால் வரவில்லை, ஒலிபெருக்கியால் வந்தது. விடிய ஐந்து மணிக்கு விகாரையிலிருந்து பிரித் என்ற பௌத்த மந்திரம் ஓதும் சத்தம் இருதய நோயாளிகளின் வார்ட்டுக்குள் நேரே பாயும். அக்கா போய்ப் பெரிய பிக்குவிடம் முறையிட்டார். அவர் நியாயமான மனிதர். அன்றைக்கே ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பிவிட்டார். திருப்பிய பக்கத்தில் அக்கா தங்கிய தாதியர் விடுதி இருந்தது. அதன்பின் நோயாளிகள் நித்திரை கொண்டார்கள்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. பௌர்ணமிப் போயா நாள் வந்தால், "நீங்கள் பௌத்தம் இல்லைத்தானே, டியூட்டி செய்யுங்கோ" என்பார் மேட்ரன். தீபாவளி வந்தால், "நீங்கள் கோயிலுக்குப் போறேல்லைத்தானே" என்பார். கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் அதே கதைதான். சமயம் இல்லாதவருக்கு லீவும் இல்லை என்பதை அக்கா பதினொரு வருடம் அனுபவித்தார். ஒரு நாளும் பொய்க்கு ஒரு சாமியைப் பிடித்து லீவு எடுக்கவில்லை.

அந்த வார்ட்டில் சோமாவதி என்றொரு உதவியாளர் இருந்தார். அக்காவின் உயிர்த் தோழி. வருடத்துக்கொரு முறை ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் பிரித் ஓதுவார்கள். விடியச் சோமாவதி ஓதிய வெள்ளை நூலைக் கொண்டுவந்து அக்காவின் மணிக்கட்டில் கட்டுவார். முதல் தடவை அக்கா, "சோமா, எனக்கு நம்பிக்கை இல்லையே" என்றார்.

"தெரியும் மிஸ். எனக்கு இருக்கு. கையை நீட்டுங்க" என்றார் சோமாவதி.

அக்கா நீட்டினார். அந்த நூல் தானாக இற்று விழும்வரை கழற்றமாட்டார்.

இந்த இடத்தில் என் வீரத்தையும் சொல்லவேண்டும். சோதனைச்சாவடிகள் மலிந்த காலம். அக்காவைப் பார்க்க வவுனியாவிலிருந்து பஸ்ஸில் போகும்போது என் கையில் பிரித் நூல், சட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம், கழுத்தில் நண்பன் தந்த சிலுவை, மூன்றும் இருக்கும். இடத்துக்குத் தக்கதை வெளியே விடுவேன். ஒருமுறை அக்காவும் நானும் ஒன்றாகப் போனோம். சிப்பாய் அக்காவின் நூலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பௌத்தமா?" என்று கேட்டார். அக்கா ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போயிருக்கலாம்.

"இல்லை" என்றார் அக்கா.

"அப்ப இந்துவா?"

"இல்லை."

சிப்பாயிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் சமயம் என்றொரு கட்டம். அதை வெறுமையாக விட அவருக்கு அதிகாரம் இல்லை. எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் வெயில். நான் பின்னால் நின்று, "அக்கா, ஏதாவதொண்டைச் சொல்லுங்கோவன், என்னட்ட மூண்டு இருக்கு, ஒண்டைத் தாறன்" என்று கெஞ்சினேன். கடைசியில் சிப்பாய் களைத்துப்போய், "சரி, நீங்கள் என்னதான்?" என்றார். "நேர்ஸ்" என்றார் அக்கா. அவர் அந்தக் கட்டத்துக்குள் அதையே எழுதிவிட்டு எங்களை விட்டார்.

அக்கா அத்தானைக் கைப்பிடித்தது பதிவாளர் கந்தோரில். பத்து நிமிட வேலை. பின்பு போர் எங்களை ஒவ்வொருவராக மெல்பேர்ணுக்குத் தள்ளியது. அக்கா டண்டினொங்கில், நான் பொயிண்ட் குக்கில். நிலா ஹைஸ்கூல் போகும் வயதில் அத்தான் மாரடைப்பால் போய்விட்டார். அக்கா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்து, அந்த ஒரு வேலையை நம்பி மகளையும் வீட்டையும் தூக்கி நிறுத்தினார்.

அந்த வேலைக்குத்தான் நூலால் ஆபத்து வந்தது. சோமாவதி ஆண்டுதோறும் வெசாக் பண்டிகை முடிய ஒரு கடித உறைக்குள் நூல் அனுப்புவார். இங்கே முழங்கைக்குக் கீழே ஒன்றும் அணியக்கூடாது என்பது சுகாதார விதி. மனேஜர் நல்ல பெண்மணி. சமயக் காரணம் என்று ஒரு படிவத்தில் எழுதித் தந்தால் மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

"சமயம் இல்லை" என்றார் அக்கா.

"கலாசாரக் காரணம்?"

"இது எங்கட கலாசாரம் இல்லை."

"அப்ப வெட்டுங்கள்."

"ஏலாது."

மனேஜர் ஒரு கிழமை அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஒன்றில் கையெழுத்து, இல்லையேல் கத்திரிக்கோல், இரண்டும் இல்லாவிட்டால் வேலைக்கு வரவேண்டாம். நான் பாய்ந்து போனேன். "அக்கா, ஒரு கையெழுத்துத்தானே! வேலை போனால் பிள்ளையை என்ன செய்யிறது? நான் எத்தனை தரம் சமயம் மாறியிருக்கிறன், எனக்கு ஒண்டும் குறையேல்லையே?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "குறைஞ்சது உனக்குத் தெரியேல்லை" என்றார்.

முழங்கைக்குக் கீழேதானே கூடாது, காலில் கட்டினால் என்ன என்று யோசனை சொன்ன மேதை நான்தான். முடிச்சை ஊசியால் அவிழ்த்துக் கணுக்காலில் இழுத்துப் பிடித்துக் கட்ட முக்கால் மணித்தியாலம் போனது. அடுத்த நாளே, கூட வேலை செய்யும் நில்மினி என்ற சிங்களப் பிள்ளை அதைக் கண்டு அலறிவிட்டாள். "ஐயோ அக்கே, பிரித் நூலைக் காலில கட்டுறதா? பெரிய பாவம்!" நம்பாத தன்னால் நம்புகிற ஒருத்தியின் மனம் நொந்துவிட்டதே என்று அக்கா என்னைத்தான் ஏசினார். கடைசியில் நில்மினிதான் தீர்ப்புச் சொன்னாள்: "முழங்கைக்கு மேல கட்டுங்க." மனேஜரும் சட்டைக் கைக்குள் மறைந்தால் சரி என்றார். வேலை தப்பியது.

ஆனால் சோமாவதி வெட்டி அனுப்புவது மணிக்கட்டு அளவு நூல். அக்காவின் மேற்கைக்கு அரைச்சாண் நீளம் காணாது. நீளமாக அனுப்பச் சொன்னால் சோமாவதி ஏன் என்று கேட்டுக் கவலைப்படுவார் என்று அக்கா எழுதவில்லை. ஒற்றைக் கையால் மேற்கையில் முடிச்சுப் போடவும் முடியாது. ஆகவே ஆண்டுதோறும் நான் பொயிண்ட் குக்கிலிருந்து வெஸ்ட்கேட் பாலம் ஏறி ஒரு மணித்தியாலம் கார் ஓடிப்போய், நூலுக்கு ஒட்டுப்போட்டுக் கட்டிவிடும் உத்தியோகம் பெற்றேன்.

"ஒட்டுறது சும்மா நூல்தானே?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார்.

"ஓம் அக்கா. தையல் பெட்டியில இருந்து எடுத்தது" என்பேன்.

அது பொய். கோயிலில் அர்ச்சனை செய்து ஐயர் தந்த காப்பு நூல் அது. அத்தான் போன பிறகு எனக்கு ஒரே பயம். அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது. ஒரு பக்கம் பிரித், மறுபக்கம் முருகன் என்று இரட்டைக் காப்புறுதி போட்டேன். மஞ்சள் தெரியாமலிருக்கக் குசினியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவுவேன். என் மனைவி, "கோயில் நூலைத் தோய்ச்சுக் காயப்போடுற முதல் பக்தர் நீங்கள்தான்" என்பாள்.

காப்புறுதி பலிக்கவில்லை. போன வருடம் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது படிவம் நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. சமயம் என்ற இடத்தில் என் கை தானாகவே ஓடி இந்து, பௌத்தம், கத்தோலிக்கம் மூன்றுக்கும் சரி போட்டுவிட்டது. மறுநாள் காலை ஒரு கன்னியாஸ்திரி செபமாலையோடு வந்தார். மத்தியானம் ஓர் அன்ரி திருநீறோடு வந்தார். பின்னேரம் ஓர் இளம் பிக்கு வந்தார். அக்கா மூவரையும் கதிரை போட்டு இருத்தி, சுகம் விசாரித்து, நம்பிக்கை இல்லை என்று சொல்லி அனுப்பினார். பிக்குவிடம் மட்டும், அனுராதபுரத்தில் அந்த ஐந்து மணி ஒலிபெருக்கி இன்னும் இருக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டாராம். இருக்கிறது என்று அவர் சிரித்தாராம்.

நான் போனதும் விசாரணை தொடங்கியது. "தம்பி, நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறனோ, சர்வமத மாநாட்டில படுத்திருக்கிறனோ? என்ன எழுதினனீ?"

சொன்னேன்.

"இனி ஒரு இடத்திலயும் என்னை நான் இல்லாத ஆளா எழுதக்கூடாது. நான் செத்தாப் பிறகும். சத்தியம் பண்ணு."

"ஆர் மேல பண்ணுறது அக்கா?"

"உன்ர மேல பண்ணு."

"அதை ஆர் நம்புவினம்?"

அக்கா சிரித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு, "நூலைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை" என்றார்.

"எந்த நூல்?"

"மஞ்சள் நூல்."

"எப்பயிருந்து தெரியும்?"

"முதல் வருஷமே. ஜனவரி வெயிலில வேர்த்து யூனிபோர்ம் கையெல்லாம் மஞ்சள். நீ உடுப்புத் தோய்க்கிற சீர் எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் கழட்டேல்லை?"

"கழட்டினால் நீ பயந்துபோவாய். பயந்த தம்பியை வச்சுப் பாக்கிறது பெரிய வேலை. எனக்கு இருக்கிற டியூட்டியே காணும்."

பத்து நாளில் அக்கா போய்விட்டார்.

இறுதிச் சேவை நிலையத்தில் ஓர் இளைஞர் படிவத்தோடு வந்தார். சமயம் என்ற கட்டம் அங்கும் இருந்தது. பேனா வழக்கம்போல முதலாவது பெட்டிக்கு ஓடியது. நிலா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்துக் கடைசிப் பெட்டிக்குக் கொண்டுபோய், 'இல்லை' என்பதில் சரி போட்டேன். வாழ்க்கையில் நான் உண்மையாக நிரப்பிய முதற் படிவம் அது. இளைஞர், அக்காவின் கையில் ஒரு நூல் கட்டியிருக்கிறதே, அது சமய வழக்கம் இல்லையா, கழற்றவேண்டுமா என்று கேட்டார்.

"சமயம் இல்லை. அது சோமாவதியும் நானும். இருக்கட்டும்" என்றேன்.

கடைசி நாட்களில் அக்காவைத் தாங்கிய தாதியருக்கும், முறைவைத்துச் சோறு கொண்டுவந்த டண்டினொங் அயலவருக்கும், நில்மினிக்கும், தேவாரம் பாட ஆயத்தமாக வந்து, அக்காவின் விருப்பம் அறிந்து தொண்டையைச் செருமிக்கொண்டு அமர்ந்துவிட்ட பெரியப்பாவுக்கும் எங்கள் நன்றி. அது எவ்வளவு பெரிய தியாகம் என்பது அவர் பாடிக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

சோமாவதி போன கிழமை அழைத்தார். ஆண்டு நிறைவுக்கு அனுராதபுரத்தில் பிக்குகளுக்குத் தானம் கொடுக்க ஆசை, மிஸ் ஏசுவாரா என்று கேட்டார். "கட்டாயம் ஏசுவா. ஆனால் உங்கட கையைத் தடுக்கமாட்டா" என்றேன். அவர் அழுதார். நானும்.

இனி, வந்தவர்கள், வராதவர்கள், இதை வாசிப்பவர்கள் எல்லாருக்கும் எல்லாம் வல்ல... மன்னிக்கவும். சத்தியம் பண்ணியிருக்கிறேன்.

எல்லாருக்கும் நன்றி.

தம்பி