பின்னுதைப்புக் கணக்கில் ஒரு சனிக்கிழமை

ரியூஷன் வாத்தியார் வேலை விசித்திரமானது: மோசமாகச் செய்தால் ஆட்கள் வரமாட்டார்கள், திறமாகச் செய்தாலும் வரமாட்டார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கனடாவில், வெக்ஸ்போர்டில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேலே, சனிக்கிழமைகளில் வளர்ந்தவர்களுக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் றீற்றா வந்து சேர்ந்தார். வயது நாற்பத்தொன்று, பேக்கரியில் வேலை, கணவர் இறந்து பல வருடம். எக்ஸ்ரே எடுக்கும் படிப்புக்கு வேறு நகரமான ஒஷாவாவில் இடம் கிடைக்க, அவர் பௌதிகத்தில் தேற வேண்டும். நான் அவரைவிட ஏழு வயது மூத்தவன், தனியாள். அவர் தேற வேண்டும் என்று மனதார விரும்பினேன். தேறினால் வரமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

துவக்கு

புத்தகத்தில் முதல் கணக்கே துவக்கு, அதாவது துப்பாக்கி. எடை நாலு கிலோ, சுட்டால் பாயும் ரவை பத்துக் கிராம். சுடுமுன் இரண்டும் ஓய்வில், மொத்த உந்தம் பூச்சியம். சுட்ட பிறகும் மொத்தம் பூச்சியமே. ஆகவே ரவை முன்னுக்குப் போனால் துவக்கு பின்னுக்கு உதைக்கும். நான் இரசித்துச் சொல்லிக்கொண்டிருக்க, றீற்றா புத்தகத்தை மூடினார்.

“சேர், உந்தத் துவக்குச் சாமானைப் பாக்கக்கூடாதெண்டுதான் கனடாவுக்கு வந்தனான். வேற கணக்கு இல்லையோ?”

வள்ளம்

துவக்கை வள்ளமாக மாற்றினேன். அறுபது கிலோ ஆள், நூற்றிருபது கிலோ வள்ளத்திலிருந்து செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் கரைக்குக் குதிக்கிறார். வள்ளம் என்ன வேகத்தில் பின்னுக்குப் போகும்? செக்கனுக்கு ஒரு மீற்றர் என்பது விடை. மன்னார்க் கரையில் வளர்ந்த றீற்றா நெடுநேரம் யோசித்துப் பூச்சியம் என்று எழுதினார். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன்.

“கட்டாத வள்ளத்திலயிருந்து ஆர் சேர் குதிக்கிறது? கயிறு எங்க?”

கயிறு என்றால் புறவிசை. புறவிசை இருந்தால் உந்தக் காப்பு விதி பொருந்தாது. முழுப் புள்ளி கொடுத்தேன்.

கழித்தல் குறி

எல்லாரையும்போல அவரும் திசையை மறந்து, இரண்டு வேகத்துக்கும் கூட்டல் குறி போட்டார். ஒரு கிழமையில் அது சரியாகிவிட்டது. நான்தான் “இன்னுமொருக்காச் செய்து பாப்பம்” என்று மேலும் மூன்று சனிக்கிழமைகளை அதிலேயே ஓட்டினேன்.

“எனக்கு விளங்கீட்டுது சேர். உங்களுக்குத்தான் இன்னும் விளங்கேல்லைப் போல கிடக்கு.”

பனித்தரை

பின்னுதைப்பைச் செய்துகாட்டினால்தான் நம்புவேன் என்றார் றீற்றா. தை மாதத்தில் ஒரு நாள், திறந்தவெளிச் சறுக்குத் தரையில் இருவரும் எதிரெதிரே நின்றோம். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத் தள்ளினோம். உந்தம் இருவருக்கும் சமம், வேகம் சமமில்லை. எடை குறைந்தவர்தான் விரைவாகப் போவார். கைகள் தொட்டது ஒரு செக்கன் இருக்கும். கணக்கில் அதை எழுதுவதில்லை. தள்ளுமுன், தள்ளியபின் என்ற இரண்டும் போதும். நான் மெதுவாகப் பின்னுக்குப் போய் வேலியில் முட்டி நின்றபோது, அவர் அந்தப் பக்கத்தில் சின்ன உருவமாய்த் தெரிந்தார்.

“சேர், நான் எவ்வளவு தூரம் வந்திட்டன், பாருங்கோ!”

பெறுபேறு

எண்பத்தெட்டுப் புள்ளி. கேக் பெட்டியோடு வந்து, அடுத்த மாதம் குடிபோக ஒஷாவாவில் வீடு பார்த்திருப்பதாகச் சொன்னார். அவரிடம் சொல்ல ஒரு வசனத்தைப் பல நாட்களாக மனதுக்குள் திருத்தி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு: “படிப்பில ஏதும் சந்தேகம் வந்தால் போன் எடுங்கோ.”

படியில் இறங்கப் போனவர் நின்றார்.

“சந்தேகம் இல்லாட்டி எடுக்கக்கூடாதோ?”

திறமாகப் படிப்பிக்கிறவன் தன் சனிக்கிழமைகளைத் தானே காலியாக்கிவிட்டு, பிறகு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.