மானேஜரின் பைலில் என் பெயர்

தென்காசி நூல் மில்லில் என் வேலை தப்பியதற்குக் காரணம், அந்த ஆடியில் குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுந்ததுதான். இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்குப் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட வந்த என்ஜினீயர், வேலை முடிந்த கையோடு மதுரைக்கு பஸ் ஏறியிருப்பார்.

எண்பதுகளின் கடைசி அது. ஒரு பெரிய பெட்டி, அதோடு இணைத்த சில திரைகள். மானேஜர், ஹெட் கிளார்க் அண்ணாச்சி, நான் என்று மூன்று பேருக்கு மட்டும் அதில் கணக்கு உண்டு. அவரவர் பைலை அவரவர்தான் திறக்க முடியும். புதுசு போட்ட மறுநாள் காலை மானேஜரால் தன் பருத்தி விலை பைலைத் திறக்க முடியவில்லை. அனுமதி இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டது. அண்ணாச்சி அதை மட்டும் திரையில் வரவழைத்து, யாருடையது என்று பார்த்தார். என் பெயர் இருந்தது.

போதாத காலம், முந்தைய வாரம்தான் எங்கள் விலை ஒரு புரோக்கர் காதுக்குப் போயிருந்தது. பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள்; நான் பாலைக்கூடக் குடிக்கவில்லை. கம்ப்யூட்டர் அறைச் சாவியை மானேஜர் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு முதலாளி வருதாரு. அதுக்குள்ள நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா உனக்கு மரியாதை" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அண்ணாச்சியைப் பார்த்தேன். அவருடைய பைல்கள் ஒரு குறையும் இல்லாமல் திறந்தன. அது எப்படி? என்ஜினீயர் கூடவே அன்று முழுக்க உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். இந்த மனுஷன்தான் என்னை மாட்டிவிட்டிருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"என்ஜினீயர் இன்னும் குற்றாலத்துலதான் இருக்காரு. நான் போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

"நீ தனியாப் போயி அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டு வரவா? நானும் வருதேன்" என்றார் அண்ணாச்சி.

பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தபடி போனோம். பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கும் இடத்தில் ஆண்கள் கூட்டம். நான் உள்ளே போக முடியாது. அண்ணாச்சி போனார். உள்ளே என்ன ஓதுகிறாரோ என்று சாரலில் நனைந்துகொண்டு தவித்தேன்.

என்ஜினீயர் இடுப்புத் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதலில் கேட்டது அண்ணாச்சியிடம்: "மெஷின்ல யார் யாருக்குக் கணக்குன்னு பட்டியலை நான் புதுசா அடிச்சப்ப, பேரை எந்த வரிசையில சொன்னீங்க?"

"இது என்ன கேள்வி? மொதல்ல மானேஜர், அடுத்து நான், கடைசில இந்தப் பிள்ள. ஆபீஸ்ல எதுக்கும் அதுதான வரிசை?"

"பழைய வரிசை?"

நான் சொன்னேன். கம்ப்யூட்டர் வந்தபோது தொடவே பயந்தவர் மானேஜர். முதலில் கற்றுக்கொண்டது நான், அப்புறம் அண்ணாச்சி, கடைசியில்தான் அவர்.

என்ஜினீயர் தலையில் அடித்துக்கொண்டார். பைல் யாருடையது என்று மெஷின் பெயரை வைத்துக்கொள்வதில்லையாம், எண்ணைத்தான் வைத்துக்கொள்ளுமாம்; அந்த எண், பெயரை அடித்த வரிசைப்படி விழுமாம். பழைய மூன்றாம் எண் மானேஜர். புதிய மூன்றாம் எண் நான். நடுவில் இருந்த அண்ணாச்சிக்கு எண் மாறவில்லை. பாவம், அவர் சதி எதுவும் செய்யவில்லை, மரியாதைதான் செய்திருக்கிறார்.

"அப்போ இவங்க பைல் எல்லாம் மானேஜர் பேர்ல இருக்குமே, யாரும் பார்க்கலையா?" என்றார் என்ஜினீயர். ஒருவரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் மானேஜர் முன்னால் பார்த்தோம். என் பைல்கள் அத்தனையும் அவர் பெயரில் இருந்தன. என்ஜினீயர் எண்களைப் பழையபடி மாற்றினார். மானேஜர் சாவியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மெஷின் கோளாறும்மா. மனசுல வச்சுக்கிடாத."

"என் பைலும்தான் சார் உங்க பேர்ல கெடந்துச்சு. உங்கள யாரும் எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லலியே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"நீயும் நானும் ஒண்ணாம்மா?"