சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி

போன வருடம் பங்குனி மாதம். ஜவ்வாது மலையில் புளி உலுக்கி முடிந்து, மூட்டைகள் திருப்பத்தூர் சந்தைக்கு இறங்கிக்கொண்டிருந்த நேரம். எனக்குப் படவேடு பக்கம். சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறேன். அந்தச் சீசனில் நான் வீட்டில் படுத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லோடு ஏற்றும் இடத்தில் சாப்பாடு, வண்டிக்குள்ளேயே தூக்கம்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கம்ப்யூட்டர் கேம். டிப்ளமோ படிக்கும்போது பிடித்தது, கல்யாணம் ஆகியும் விடவில்லை. லோடுக்குக் காத்திருக்கும்போது மற்ற டிரைவர்கள் சீட்டாடுவார்கள், நான் கார் பந்தயம் ஆடுவேன். நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு ஓய்விலும் வண்டி ஓட்டுகிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். முதலில் ஒரு லேப்டாப் வைத்திருந்தேன். மலைப்பாதைக் குலுக்கலிலும் புளித் தூசியிலும் ஒரே சீசனில் அது மண்டையைப் போட்டது.

சரி, வண்டியிலேயே வாழ்கிற ஆளுக்கு வண்டியைத் தாங்குகிற மாதிரி ஒன்றை நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். சின்ன போர்டு, குட்டையான கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ஃபேன். டிராக்டர் டிரெய்லர் செய்கிற பட்டறையில் கொடுத்து, கனத்த இரும்புத் தகட்டில் பெட்டி அடித்து, மூலைக்கு மூலை ஆங்கிள் வைத்து வெல்டிங் செய்தேன். குலுங்காமல் இருக்க உள்ளே பைக்கில் போடும் ரப்பர் புஷ். தூசி போகாமல் இருக்கக் காற்று ஓட்டைகளுக்குக் கொசுவலை இரண்டு மடிப்பு. ஸ்கிரீன் தனி. ஆறு மாதம் இதே வேலை. எல்லாம் முடிந்தபோது ஒரு பெரிய டிபன் கேரியரைப் படுக்கவைத்த அளவில்தான் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். பார்க்கிறவர்களிடமெல்லாம், இதன் மேல் வண்டியே ஏறினாலும் ஒன்றும் ஆகாது என்று பீற்றிக்கொள்வேன்.

அதை வைக்க வண்டியில் ஒரே ஓர் இடம்தான் சரியாக இருந்தது. இடப்பக்கத்து சீட்டுக்கு அடியில். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. சக்கரத்துக்குக் கொடுக்கிற புளியங்கட்டை.

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் மலை ஏறும் சின்ன வண்டிகளில் கிளீனர் கிடையாது. இடது கதவோரம் யார் உட்கார்கிறார்களோ அவர்தான் அன்றைக்குக் கிளீனர். ஏற்றத்தில் வண்டி நின்று டிரைவர் "கட்டை!" என்று கத்தினால், அவர் குதித்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் கட்டையை உருவிப் பின்சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் இதுதான் முறை. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டாலும் கட்டை அங்கே இருக்கும். நான் அந்தக் கட்டையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டுப் பெட்டியை அங்கே பொருத்தினேன். மற்றவர்கள் சுலபமாகக் கழற்றிவிடக் கூடாது என்று கிளிப் வைத்துப் பூட்டினேன்.

ஒரு நாள் காலை மலை மேல் ஒரு ஊரில் லோடு. புளிக்குச் சொந்தக்காரர் நாற்பது வயதுள்ள ஒரு அக்கா. வருடம் முழுக்கக் காத்திருந்து உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்த புளி. மூட்டை ஏற இரண்டு மணி நேரமானது. நான் வண்டி பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகக் கரண்ட் எடுத்து, பெட்டியில் கேம் ஆடிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் முனகலோடு சரி. இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்தேன். போகப் போக சார்ஜ் ஏறிவிடும் என்று அலட்சியம்.

மூட்டைகளின் மேல், சந்தைக்குப் போகும் ஐந்து பெண்கள் ஏறிக்கொண்டார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாதுதான். ஆனால் அந்த ஊருக்கு பஸ் எப்போதாவதுதான் வரும். அக்கா என் பக்கத்தில், கதவோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "கட்டை கீதாப்பா?"

"கீதுக்கா" என்றேன். பொய் இல்லை. மூட்டைகளுக்கு அடியில், எங்கோ இருந்தது.

காலில் இடித்த பெட்டியைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? வழக்கமான பீற்றலை எடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டார்.

சந்தைப் பாதையில் இறங்குவதற்கு முன் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. பாதி ஏறியதும் பாரம் இழுக்காமல் என்ஜின் திக்கியது. கியரை மாற்றுவதற்குள் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பேட்டரி செத்திருந்தது.

என்ஜின் நின்றால் பிரேக்கும் பாதி பலம் இழந்துவிடும். இரண்டாவது மிதியிலேயே பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கைச் சீட்டை விட்டு எழுந்து இழுத்தேன். கியரிலும் போட்டேன். அப்படியும் வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்து நின்றது. பிறகு இன்னொரு சாண். கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வளைவு, வளைவில் தடுப்புச்சுவர் இல்லை, அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. மலைப்பக்கம் ஒடித்தால் பாரம் சாய்ந்து வண்டி புரளும், மேலே இருக்கிறவர்கள் அடியில் போவார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து அவர்களால் குதிக்கவும் முடியாது.

"கட்டை!" என்று கத்தினேன். பழக்கதோஷம்.

அக்கா அதற்குள் கீழே குதித்திருந்தார். வண்டியோடு நடந்தபடியே சீட்டுக்கு அடியில் கைவிட்டார்.

"இன்னாப்பா இது, கட்டை இல்ல! பொட்டிதான் கீது!"

"பின்னால கீதுக்கா... மூட்டைக்கு அடியில."

அவர் என்னைத் திட்ட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்குக் கொடுத்தார். சின்னக் கல். சக்கரம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கியது. சுற்றிலும் வேறு கல் இல்லை, வெறும் ஜல்லிதான். திரும்ப ஓடிவந்து என் பெட்டியின் பிடியைப் பற்றினார்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தையை மறைக்காமல் எழுதுகிறேன். "அது வேணாங்க்கா" என்றேன்.

தலைக்கு மேல் ஐந்து பெண்கள், பின்னால் பள்ளம், அப்படியிருந்தும் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. ஆறு மாத உழைப்பு, கிராபிக்ஸ் கார்டு, ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டது எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நொடியில் என் வாயைத் திறந்துவிட்டன. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வண்டியே ஏறுனாலும் ஒண்ணும் ஆவாதுன்னியே, ஏறட்டும்!" என்று இழுத்தார். பெட்டி வரவில்லை. நான்தான் பூட்டியிருந்தேனே. "எப்டிப்பா அவுக்கறது? சொல்லு!"

வண்டி மறுபடி விக்கி இறங்கியது. மேலே ஒரு பெண் "யம்மா!" என்று அலறினாள். அந்த அலறலில்தான் எனக்குப் புத்தி வந்தது.

"செவப்புக் கிளிப்ப அமுக்கி இழுங்கக்கா! ஒயர அறுத்துடுங்க, பரவால்ல!"

ஒயர்கள் பிய்ந்தன. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடி, பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். இரும்பு தார்ச்சாலையில் தேயும் சத்தம் என் பல்லில் கூசியது. வண்டி பெட்டியை ஒரு முழம் தள்ளிக்கொண்டு போனது. பிறகு ஏதோ நொறுங்கியது. நின்றது.

"நின்னுச்சி. கால எடுக்காத" என்று பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

பெண்கள் கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். எங்கெங்கோ ஓடி ஆளுக்கொரு பாறாங்கல் உருட்டி வந்து நான்கு சக்கரத்துக்கும் கொடுத்தார்கள். அக்கா வந்து சொன்ன பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். பிறகு எதிரே வந்த ஒரு சரக்கு வண்டிக்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்து தந்தார். கிளம்பும் முன் பாதி மூட்டையை இறக்கி, கட்டையைத் தேடி எடுத்தோம். அதை அக்கா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

சந்தையில் லோடு இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார், கோபமே இல்லாமல்: "ஏம்பா, வேணாம்னியே. இன்னா நெனச்சி சொன்ன?"

நான் எழுந்து போய் இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

பெட்டியின் ஒரு மூலை அப்பளமாகியிருந்தது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு துண்டு. மற்றதெல்லாம் பிழைத்துக்கொண்டது. கொஞ்ச நாள் கழித்து வேறு கார்டு போட்டு, அதற்கென்று தனி பேட்டரி வாங்கி, என் சீட்டுக்குப் பின்னால் மாட்டினேன். இப்போதும் ஆடுகிறேன். கட்டை பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

இந்த வருடமும் அக்கா என் வண்டியில்தான் புளி ஏற்றினார். பழையபடி சிரித்துப் பேசினார், வீட்டில் எல்லாரையும் விசாரித்தார். ஆனால் ஏறி உட்காரும் முன் கட்டை இருக்கிறதா என்று என்னிடம் கேட்கவில்லை. குனிந்து, சீட்டுக்கு அடியில் கைவிட்டு, தானே தடவிப் பார்த்துக்கொண்டார். இனி நான் எத்தனை முறை "கீதுக்கா" என்று சொன்னாலும் அந்தக் கை ஒருமுறை உள்ளே போய்த்தான் வரும். அது நியாயம்தான்.