உப்பு: பூஜ்யம் கிராம்

மார்ச் 4. பாஸ்தா 140 கிராம், இறால் 180, மட்டி 12. உப்பு 1.5 கிராம். 31 நிமிடம். சுவை: சுமார்.
மார்ச் 11. உப்பு 0.5. 27 நிமிடம். சுவை: குறைவு.
மார்ச் 18. உப்பு 0. 26 நிமிடம். சுவை: இல்லை.
மார்ச் 25. உப்பு 0. 22 நிமிடம். சுவை: இல்லை.
ஏப்ரல் 1. உப்பு 0. 21 நிமிடம். சுவை: நன்று.

அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும் நோட்டில் இப்படித்தான் இருக்கிறது. எழுதியவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தண்ணீர் கொதிக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். ஏழு மணி பத்து நிமிடம். ஏழரைக்குத் தட்டு மேசையில் இருக்க வேண்டும்.

முப்பத்து நான்கு வருடம் தராசுப் பரிசோதகராக இருந்தவர். பித்தளைப் படிக்கற்கள் அடங்கிய மரப்பெட்டியோடு கடை கடையாக ஏறி இறங்கினார். "அரை கிராம் வர்றாரு, தட்டைத் துடைங்கப்பா!" என்று கடைத்தெரு பரபரக்கும். பணி ஓய்வு பெற்றபோது பெட்டியை ஒப்படைத்துவிட்டார். பட்டப்பெயர் மட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

மனைவி தையல்காரி. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாள், தொடுவது அபூர்வம். ஆளை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள், கத்தரி துணியில் இறங்கிவிடும்.

"கண்ணளவு போதும்" என்பாள்.

"கண்ணளவுன்னு ஒரு அளவே கிடையாது. எந்தச் சட்டத்திலயும் இல்லை" என்பார் இவர்.

"சட்டை உங்களுக்குப் பொருந்துதா இல்லையா? அதைச் சொல்லுங்க."

பொருந்தும். அதுதான் அவருக்குத் தாங்காது.

பிப்ரவரியில் ஒரு நாள், மாடிப்படியின் மூன்றாவது படியிலேயே அவள் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். இதயம் வீங்கியிருக்கிறது என்றார் மருத்துவர். ஆறு மாதம் மாத்திரையோடு உப்பை அடியோடு குறைத்துப் பார்ப்போம். வீக்கம் இறங்காவிட்டால் நெஞ்சைத் திறக்கத்தான் வேண்டும் என்றார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, முடிவு கடிதத்தில் வரும் என்று சொல்லி, கையில் ஒரு சமையல் தாளையும் கொடுத்தார்.

தேநீர் தவிர எதுவும் போடத் தெரியாத மனிதர் அன்றைக்கே அடுப்படியைப் பொறுப்பேற்றார். தாளில் பதினோரு பதார்த்தங்கள். கடலுணவு பாஸ்தாவை மட்டும் அவர் நம்பினார்.

"இதுலதான் கிராமும் நிமிஷமும் போட்டிருக்கான். மத்ததுல எல்லாம் பொன்னிறமா வர்ற வரைக்கும்னு இருக்கு. பொன்னிறம்னா எத்தனை நிமிஷம்?"

அதனால் புதன்கிழமைதோறும் பாஸ்தா. மற்ற நாட்களில் சூப்பும் வேகவைத்த காயும். கோதுமை பாஸ்தாவுக்கு ஒன்பது நிமிடம். அது வேகும் நேரத்தில் அகன்ற வாணலியில் ஆலிவ் எண்ணெய், மெல்லிசாகச் சீவிய மூன்று பல் பூண்டு, கையால் பிசைந்த இரண்டு தக்காளி. மட்டிச் சிப்பிகளைப் போட்டு மூடி நான்கு நிமிடம். வாய் திறக்காததை வெளியே எடுத்துப் போட்டுவிடுவார். இறால் பக்கத்துக்கு ஒரு நிமிடம், நிறம் மாறி வளைந்ததும் போதும். கடைசியில் மிளகு, எலுமிச்சைச் சாறு.

மீன்கடை அம்மாளுக்கு அவர் வந்தாலே சிரிப்பு. "பெரியவரே, என் தராசு சரியாத்தானே இருக்கு?"

"இல்லைம்மா. நாலு கிராம் குறைச்சுக் காட்டுது. நஷ்டம் உனக்குத்தான்."

"அடடா! இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"முதல் நாளே சொன்னேன். நீதான் சிரிச்சே."

மார்ச் 18 அன்று உப்பு டப்பாவை டப்பாவோடு நிறுத்து, 412 கிராம் என்று எழுதி, அலமாரியில் வைத்து மூடினார். "உனக்கு இல்லாத உப்பு எனக்கெதுக்கு?" என்று தானும் விட்டுவிட்டார். சொல்லிவிட்டாரே தவிர, நாக்கு ஒத்துழைக்கவில்லை. பாதித் தட்டு மிச்சமாகும். மாத முடிவுக்குள் அவள் அவருடைய கால்சட்டை இடுப்பை இரண்டு முறை பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

ஏப்ரலில் சமையல் கைவந்தது. சூப்கூட ருசித்தது. யோசித்து யோசித்துக் காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார்: மட்டி வாய் திறக்கும்போது விடும் தண்ணீர். மட்டி போடாத சூப் எப்படி ருசிக்கிறது என்று மட்டும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலை 31 அன்று அலமாரியைத் துடைக்கும்போது டப்பாவையும் நிறுத்தார். 290 கிராம்.

மறுபடி நிறுத்தார். தராசைத் துடைத்து மூன்றாம் முறையும் நிறுத்தார். நூற்றிருபத்திரண்டு கிராம் குறைகிறது. நாளுக்கு ஒரு கிராம் என்று பின்னோக்கி எண்ணினார், சரியாக ஏப்ரல் ஒன்றில் போய் நின்றது. அவள் தினமும் உப்பைத் திருடித் தின்கிறாள். மருத்துவமனையிலிருந்து வந்த இரண்டு கடிதங்களும் பொறுத்துப் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தன. முடிவு மூன்றாவது கடிதத்தில்.

கேட்டிருக்கலாம். ஆனால் ஊரில் உள்ள தராசையெல்லாம் சோதித்தவர், நாற்பத்தொரு வருடத்தில் அவள் கையை மட்டும் ஒரு தடவையும் சோதித்ததில்லை. டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றினார். மறுநாள் ஒரு கிராம் குறைந்திருந்தது. முக்காலி இடம் மாறியிருந்தது. மூன்று படிக்கே மூச்சு வாங்கியவள் முக்காலியில் ஏறியிருக்கிறாள்! அவசர அவசரமாக டப்பாவைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, உப்பில்லாம உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா?"

"எனக்கென்ன கஷ்டம்? பழகிப்போச்சு. உங்களைப் பார்த்தாதான் பாவமா இருந்துச்சு. இப்பதான் தட்டை வழிச்சுச் சாப்பிடுறீங்களே."

"எல்லாம் மட்டித் தண்ணிம்மா."

"ஆமாமா. மட்டித் தண்ணி" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐந்து வாரம் அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை. கடைசிக் கடிதம் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. அவள் கத்தரியால் ஓரத்தை நறுக்கினார். வீக்கம் இறங்கிவிட்டது. அறுவை சிகிச்சை தேவையில்லை. கீழே மருத்துவர் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பரிசோதனைகளைப் பார்த்தால் உப்பு விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.'

"நெஞ்சு தப்பிச்சுதா?" என்றாள், தையல் மெஷினை நிறுத்தாமல்.

"தப்பிச்சுது" என்றார். மெஷின் நின்றது.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அவள் தின்னவில்லை என்றால் அந்த உப்பெல்லாம் எங்கே போயிற்று?

அன்று மாலை ஏழு இருபத்தாறுக்கு இரண்டு தட்டிலும் பாஸ்தாவைப் பரிமாறிவிட்டு, வழக்கம்போல வாணலியைக் கழுவத் திரும்பினார். தொட்டிக்கு மேலே கெட்டில். அதன் பளபளப்பான வயிற்றில் மேசை வளைந்து தெரிந்தது. அவள் மடியிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. மூன்று விரல் கிள்ளி எடுத்தது. அவள் தட்டைத் தாண்டிப் போய், அவர் தட்டின் மேல் தூவியது. நூற்றிருபத்திரண்டு நாளில் அரை கிராம்கூடப் பிசகாத விரல்கள்.

வாணலி சுத்தமாகிவிட்டது. ஆனால் அவர் திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். கெட்டிலில் அவள் பொட்டலத்தை மடித்து, மடியில் செருகி, புடவையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்காரும் வரை கழுவிய வாணலியையே கழுவிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள், முதல் வாய்க்கு.

"நல்லா இருக்கு." தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, நோட்டைத் திறந்து, உப்பு என்ற இடத்தில் சற்று நின்று, எழுதினார்:

பாஸ்தா 140 கிராம், இறால் 180, மட்டி 12. உப்பு: கண்ணளவு. 19 நிமிடம். சுவை: நன்று. கடைசிக் கடிதம் வந்த நாள், செப்டம்பர் 9.