வயிற்றுப்புண் என்று சொன்னவள்

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்களிலேயே அவளுடைய கணவரைப்போல மெதுவாக ஓட்டுகிறவர் யாருமில்லை. சைக்கிள்காரன்கூட மணியடித்துவிட்டு முந்திக்கொண்டு போவான். 'ஆமை மாமா' என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான். குடி, புகை எதுவும் கிடையாது.

அவள் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். அவருடைய கால்சட்டை இடுப்பு தொளதொளத்தபோது பிரித்துச் சிறிதாக்கித் தைத்தாள். சில வாரம் கழித்து மறுபடி தொளதொளத்தது. மறுபடி தைத்தாள். "தொப்பை குறைஞ்சு மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று கேலி வேறு. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்பார். மருந்துக்கடையில் நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டி எடுத்துவிடுவார். கண் மஞ்சளாகி வயிறு உப்பிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஸ்கேன் பார்த்தவர் ஈரலில் கட்டி என்றார். புற்றுநோயாக இருக்கலாம், டாக்டரம்மா வந்து சொல்வார் என்று போய்விட்டார். ஈரல் என்ற சொல்லே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கட்டிலருகே குனிந்து, அடுத்த கட்டிலுக்குக் கேட்காமல், "எனக்குத் தெரியாம குடிச்சீங்களா?" என்றாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரிக்கப் பார்த்தார். "குடிச்சவனா இவ்ளோ மெதுவா ஓட்டுவான்?" என்றவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "குடியினாலயும் வரும். ஆனா இவருக்கு பி வகைக் காமாலைக் கிருமி. பிறக்கும்போதே அம்மாகிட்டேயிருந்து வந்திருக்கலாம். வெளியில ஒண்ணும் தெரியாம வருஷக்கணக்கா உள்ளேயே இருக்கும். முன்னாடியே ரத்தம் பார்த்திருந்தா மாத்திரை குடுத்து, அப்பப்ப ஸ்கேன் எடுத்து, கட்டி சின்னதா இருக்கும்போதே பிடிச்சிருக்கலாம். இப்போ வலியைக் குறைக்கத்தான் முடியும். நீங்களும் பிள்ளைங்களும் ரத்தம் பாருங்க. இவர் கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தங்கச்சி. மாசமா இருக்கா."

"அப்ப உடனே வரச் சொல்லுங்க. ஒருத்தர் சாப்பிட்ட தட்டுல இன்னொருத்தர் சாப்பிட்டா ஒட்டாது. ஆனா அம்மாகிட்டேயிருந்து குழந்தைக்குப் போகும். குழந்தை பிறந்த அன்னிக்கே ஊசி போட்டா தடுத்திடலாம்."

அவளுக்கும் பிள்ளைகளுக்கும் கிருமி இல்லை. வீட்டில் சொன்னதும் அவர், "தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேங்க."

சொல்லவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டாள், வாய்வரை வந்தது. ஈரல் என்றால் குடி என்பார்கள், கிருமி என்றால் வேறு என்னவெல்லாமோ சொல்வார்கள் என்று நினைத்ததும், "அண்ணனுக்கு வயித்துப்புண்ணும்மா" என்று வந்துவிட்டது. தையல்கூடத்திலும் அதையேதான் சொல்லி வைத்திருந்தாள். ஆளுக்கொரு கைவைத்தியம் சொன்னார்கள், தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாள் ஓடியது.

ஒரு மதியம் நாத்தனார் நிறைமாத வயிற்றோடு புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அண்ணனின் எலும்பும் தோலுமான கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "ரத்த டெஸ்ட் எடுத்தியாம்மா?"

"என்ன டெஸ்ட் அண்ணா?"

அவர் மனைவியைப் பார்த்தார். நாத்தனார் பார்த்தாள். நாத்தனார் புருஷனும் பார்த்தான். அவள் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

"நான் சொல்லலை. வயித்துப்புண் இல்லம்மா, ஈரல்ல புத்துநோய். உனக்கும் அந்தக் கிருமி இருக்கலாம். வெட்கப்பட்டுக்கிட்டு மறைச்சிட்டேன்."

"என் குழந்தை விஷயத்துலயா அண்ணி வெட்கம்?" என்றாள் நாத்தனார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டாதது இன்னும் வலித்தது.

அன்றே மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாத்தனாருக்கும் கிருமி இருந்தது. கிருமியை அடக்கும் மாத்திரையை முன்பே தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது என்று டாக்டரம்மா சொன்னபோது, நாத்தனார் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாளில் நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. துடைத்துச் சுற்றிய கையோடு இரண்டு தொடைகளிலும் ஊசி போட்டார்கள். போடும்வரை அவள் பிரசவ அறை வாசலைவிட்டு நகரவில்லை, கதவைத் திறக்கும் நர்சையெல்லாம் நிறுத்தி, "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டு வசவு வாங்கினாள்.

அவர் தங்கை மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். கடைசி நாட்களில் வலிமருந்து தூங்க வைத்தது. விழித்த ஒரு வேளையில் அவள், "உங்களைப் பார்த்துக் குடிச்சீங்களான்னு கேட்டுட்டேனே" என்றாள். "விடு" என்று மட்டும் சொன்னார்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, பக்கத்து மெஷின்காரி, "வயித்துப்புண்ணுல இப்படியுமா ஆகும்?" என்று இரக்கப்பட்டாள். அவள் மெஷினை நிறுத்தினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள், தான் மறைத்ததையும் சேர்த்து. ஒருத்தி தன் தண்ணீர் பாட்டிலை மெல்லத் தள்ளி வைத்துக்கொண்டாள். அதை அவள் பார்த்தாள். காலர் தைக்கிறவள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் அருகே வந்து உட்கார்ந்து, "எங்க அப்பாவும் வயிறு வீங்கித்தான் போனாரு. குடிச்சு செத்தாருன்னே சொல்லிட்டாங்க. அந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?" என்றாள்.

"நாளைக்கே வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். தலையை நிமிர்த்திச் சொல்ல அவளால் முடியவில்லை.

குழந்தைக்கு அடுத்தடுத்த ஊசிகளும் தவறாமல் போட்டார்கள். ஒரு வயது தாண்டி ரத்தம் பார்த்ததில் கிருமி இல்லை. நாத்தனார் போன் செய்து சொன்னாள். "சந்தோஷம்மா" என்றவள், மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழவே, நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.