வாப்பா அளந்த அகலம்

பிள்ளைகளே, அலுமாரிக்குப் பின்னால் நிற்கிற கமுகந்தடியை முகர்ந்து பாருங்கள், இன்னும் மிளகு வாசம் அடிக்கும். அதில் கத்தியால் கீறிய அடையாளம் என்னவென்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

மாத்தளையில் எங்கள் பழைய வீட்டில் கீழே வாப்பாவின் மிளகுக் கடை, மேலே நாங்கள். ஏறி இறங்க ஓர் ஏணிதான். வாப்பாவின் வாப்பா மௌத்தானபோது, மையித்தை, அதுதான் உயிர் போன உடலை, வைத்துச் சுமக்கிற 'சந்தூக்'குப் பெட்டியை மேலே ஏற்ற முடியாமல், அவரைப் பாயில் சுற்றிக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். தெருவே அண்ணாந்து பார்த்தது. வாப்பா அன்று தலை நிமிரவேயில்லை.

மூன்று வருடம் கழித்து உம்மாவுக்குக் கால் வீங்கி, மூச்சு இளைத்து, ஏணியில் இறங்க முடியாமல் போயிற்று. ஏழு மாதம் மேலேயே கிடந்தா. பின்முற்றத்துக் கிணற்றடிக்குத் தன் காலால் நடந்துபோய் ஒருதரம் கால் கழுவ வேண்டும், அதுதான் அவவின் ஆசை. வாப்பா நாவுலையிலிருந்து ஒரு தச்சரை, நாங்கள் 'பாஸ்' என்போம், கூட்டிவந்து, பலாப்பலகையில் படிக்கட்டுச் செய்யச் சொல்லி, இந்தத் தடியை நீட்டினார்.

"இந்த வெட்டு வரைக்கும் அகலம், பாஸ். ஒரு விரல் குறையப்படாது."

"என்ன முதலாளி, யானை ஏத்தவா? பாதிக் கடை போயிருமே!"

வாப்பா சிரிக்கவில்லை.

அந்த அளவு எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரியும். ஜும்ஆத் தொழுகை முடிந்து, பள்ளிவாசலின் பின்னறையில் சந்தூக்கின் மேல் தடியை வைத்து வாப்பா கீறியபோது கூட நின்றேன். விளங்காத வயது, பெரிய புதினச் செய்திபோல் ஓடிப்போய் உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

உம்மா முகட்டைப் பார்த்தா. பிறகு, "நல்ல அளவுதான் மகன். எனக்குத் தெரியும்னு வாப்பாக்கிட்ட சொல்லிராதீங்க" என்றா.

படி பொருத்திய அன்று, பழைய தரை ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் கீழ்ப்படி ஆடியது. பாஸ் ஆப்பு அடித்து, ஏறிக் குதித்துப் பார்த்து, "இப்ப சரி" என்றதும், வாப்பா இரண்டு படி முன்னால் இறங்கித் திரும்பிக் கையை நீட்டினார். உம்மா அசையவில்லை.

"என்னத்துக்கு முன்னால போறீங்க? பக்கத்துல வாங்க. ரெண்டு பேருக்கு இடம் இரிக்கிதானே."

வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்த்தார். மேலே ஏறிப் பக்கத்தில் நின்றார். பதின்மூன்று படியும், படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி, தோளோடு தோள் உரச இறங்கினார்கள். கிணற்றடியில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த மாரி முடியுமுன், அதே படியால் உம்மாவைச் சந்தூக்கில் வைத்து, சாய்க்காமல், எங்கும் இடிக்காமல் இறக்கினார்கள்.

இப்போது அந்த வீடு இல்லை, படியும் இல்லை. தடி மட்டும் மிச்சம். உம்மாவை அடக்கிய அன்று, அஸர் தொழுகைக்கு எல்லாரும் பள்ளிக்குப் போனபின், நான் தனியே மேலே ஏறி, சுவரோரமாக ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு, படிக்குப் படி நின்று இறங்கினேன்.